சுவாமி மலைக்குக் கீழே ஒரு கமெரா

1962இல் வெளிவந்த ‘ரன் முத்து தூவ’ படத்துக்குப் பின்னால் நின்ற ஆட்களை ஒருமுறை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். இயக்குநர், கடலுக்கடியில் படம் பிடிக்கும் ஒரு சுழியோடி. பணம் போட்டவர், விண்வெளிக் கதைகள் எழுதுகிறவர். தயாரிப்பைத் தோளில் சுமந்தவர், நடனக் கலைஞர். கதாநாயகன், சில வருடங்களுக்கு முன்புவரை கமெராவுக்குப் பின்னால் எடுபிடி வேலை பார்த்த உதவியாளர். பாட்டு எழுதியவர், பத்திரிகைக்காரர். பாடிய பெண் இருபது வயதைத் தொடாதவர். இவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் முதலாவது முழுநீள வண்ணச் சிங்களப் படத்தை எடுத்தார்கள். அதன் கடலடிக் காட்சிகளுக்காக அவர்கள் இறங்கிய தண்ணீர் நம்முடைய திருகோணமலைத் தண்ணீர்!

இதை அறிந்த பிறகு கோட்டை வாசலால் நுழைந்து, புள்ளிமான்களைத் தாண்டி, கோணேசர் கோயிலுக்கு ஏறும்போதெல்லாம் எனக்கு மனம் துள்ளத் தொடங்கிவிடுகிறது. இராவணன் வெட்டுப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தால் நூறு மீட்டருக்கும் மேலே செங்குத்தாக இறங்கும் பாறை. அதன் அடியில் கருநீலக் கடல். எல்லாரும் அங்கே இராவணனைத் தேடுகிறார்கள். நான் அந்தச் சுழியோடிகளைத் தேடுகிறேன். இத்தனை பேர் தங்கள் தொழிலை விட்டு இன்னொரு தொழிலுக்குள் எப்படிக் குதித்தார்கள்? யார் யாரை அழைத்து வந்தார்? திரைக்குப் பின்னால் உள்ள அந்தக் கதை, படத்தின் கதையைவிடச் சுவாரசியமானது.

எழுத்தாளரிடமிருந்து தொடங்குவோம். ஆர்தர் சி. கிளார்க் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையில் ரேடார் அதிகாரி. 1945இலேயே, பூமியோடு சேர்ந்து சுற்றும் செய்மதிகள் மூன்றை வைத்து உலகம் முழுவதையும் தொடர்புபடுத்தலாம் என்று எழுதியவர். பிறகு பௌதிகக் கட்டுரைச் சுருக்கங்கள் வெளியிடும் ஒரு சஞ்சிகையில் உதவி ஆசிரியர். பிறகு முழுநேர எழுத்தாளர். அதன் பிறகு வந்தது கடல் மோகம். எடையில்லாமல் மிதப்பது எப்படி இருக்கும் என்று விண்வெளிக்குப் போகாமலே அறிய வேண்டுமானால் கடலுக்குள் இறங்கினால் போதும் என்பது அவருடைய கணக்கு.

1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பவளப் பாறைகளைப் பார்க்கக் கப்பலில் போகும் வழியில், கொழும்பில் வெறும் அரை நாள் இறங்கினார். அந்த அரை நாளில் அவரைச் சந்தித்தவர்களில் ஒருவர் தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் உதவி அத்தியட்சகராக இருந்த ரொட்னி ஜொங்க்ளாஸ். விலங்கியல் படித்தவர், இந்த நாட்டின் சுழியோடிகளில் முன்னோடி. இரண்டு கடல் பைத்தியங்கள் சந்தித்தால் என்ன பேசுவார்கள் என்று சொல்லவா வேண்டும்! ஜொங்க்ளாஸ் நம் கடலைப் பற்றிச் சொன்னதெல்லாம் கிளார்க்கின் காதிலேயே நின்றுவிட்டது. 1956இல் கிளார்க் இங்கே வந்தார், கூடவே பின்னாளில் நம் படத்தை இயக்கிய சுழியோடி மைக் வில்சனும். வந்த கிளார்க் இங்கேயே குடியேறிவிட்டார். 2008இல் இறக்கும்வரை இதுவே அவர் நாடு. அரை நாள் அறிமுகம் ஒரு மனிதனின் மீதி ஐம்பது வருடங்களைத் தீர்மானித்தது.

ஜொங்க்ளாஸும் அதே தொழிலில் இருந்துவிடவில்லை. மிருகக்காட்சிசாலையை விட்டு வெளியே வந்து, அலங்கார மீன்களைப் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிலில் இறங்கினார். இரண்டு மீன் இனங்களின் விஞ்ஞானப் பெயரில் இன்றும் ‘ஜொங்க்ளாசி’ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கிளார்க்கும் வில்சனும் திருகோணமலைக்கு வந்தபோது பிரித்தானியக் கடற்படை இன்னும் இங்கேதான் இருந்தது. தளம் இலங்கையிடம் கைமாறியது 1957 ஒக்டோபரில். போர் முடிந்து பத்து வருடம் கடந்திருந்தாலும் துறைமுகத்தின் அடியில் போர் கிடந்தது: 1944 ஓகஸ்டில் ‘வேலியன்ட்’ போர்க்கப்பலைத் தூக்கி நிறுத்தியபடியே உடைந்து மூழ்கிய மிதக்கும் கப்பல்துறை ஒன்று. ஆனால் அவர்களை மயக்கியது கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிவாரம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது மலையிலிருந்து கடலுக்குள் போனவற்றில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்பது கேள்வியாகவே இருந்தது. இவர்கள் இறங்கினார்கள். செதுக்கிய தூண்கள், மனிதக் கை பட்ட கற்கள், எல்லாவற்றின் மேலும் கடற்பாசி. வில்சனின் கமெரா அவற்றைப் படம் பிடித்தது. மறுவருடம் கிளார்க் எழுதிய நூலில் நம்முடைய மலை உலகம் முழுவதும் போனது. ஊரில் அப்போது இன்னொரு மகிழ்ச்சியும் சூடாக இருந்தது: 1950இல் கிணறு வெட்டும்போது நிலத்துக்கடியில் வெண்கலத் திருவுருவங்கள் கிடைத்து, கோயிலை மீண்டும் எழுப்பும் வேலையில் திருமலை மக்கள் மூழ்கியிருந்தார்கள்.

இனிப் படத்துக்கு வருவோம். எனக்குப் பொறுக்கவில்லை!

வில்சனுக்குக் கடலடியைத் தெரியும். சினிமா நடிகர்களை, ஸ்டூடியோக்களை, சிங்கள ரசிகனின் நாடியைத் தெரியாது. கிளார்க்குக்குப் பதிப்பாளர்களைத் தெரியும், கையில் எழுத்து கொண்டுவந்த பணமும் இருந்தது. இந்த இருவருக்கும் இங்குள்ள கலை உலகத்துக்கும் நடுவில் பாலமாக நின்றவர் ஷேஷ பலிஹக்கார. இந்தியாவில் நடனம் பயின்றவர், நடித்தவர், எல்லாப் பக்கத்திலும் பழக்கம் உள்ளவர். மூவரும் சேர்ந்து ‘செரண்டிப் புரொடக்‌ஷன்ஸ்’ என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குப் பணம், ஒருவருக்கு ஆட்கள். இந்த மூன்றில் மிகக் கடினமானது மூன்றாவதுதான் என்பேன். கமெராவை வாங்கலாம், பணத்தைக் கடனாகப் பெறலாம். ஒரு கலைஞனின் வீட்டுக் கதவைத் தட்டி, ‘இப்படி ஒரு வெள்ளைக்காரர் படம் எடுக்கப்போகிறார், நம்பி வாருங்கள்’ என்று சொன்னால் எடுபட, சொல்கிறவர் முன்பே கூட வேலை செய்து காட்டியவராக இருக்க வேண்டும்.

வந்தவர்களைப் பாருங்கள். காமினி பொன்சேகா, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ (1956) படத்தில் உதவியாளராக நின்றவர். கித்துல்கலையில் ‘குவாய் ஆற்றுப் பாலம்’ எடுத்த வெளிநாட்டுக் குழுவிலும் வேலை செய்தவர். கமெராவுக்குப் பின்னால் நின்றவர் முன்னால் வந்தது அந்தப் படப்பிடிப்புத் தளங்களின் பழக்கத்தால்தான். ‘ரேகாவ’வின் கதையும் அதே இரத்தம்: லெஸ்டர், வில்லியம் பிளேக், டைட்டஸ் தொட்டவத்த மூவரும் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் ஒன்றாக வேலை செய்து, அந்தப் பாதுகாப்பான உத்தியோகத்தைக் கூட்டாகவே உதறிவிட்டு வெளியே வந்தவர்கள். ‘ரன் முத்து தூவ’வின் இசைக்கு டபிள்யூ. டி. அமரதேவ. பாடல் ஸ்ரீ சந்திரரத்ன மானவசிங்க, பெயர்பெற்ற பத்திரிகை எழுத்தாளர். நாரத திசாசேகரவோடு நந்தா மாலினி சேர்ந்து பாடிய ‘கலன கங்ககி ஜீவிதே’ இன்றைக்கும் தென்னிலங்கை பஸ்களில் ஒலிக்கிறது. ஜோ அபேவிக்கிரமவும் ஜீவராணி குருகுலசூரியவும் நடிக்க வந்தார்கள். கதை கடலடிப் புதையலைச் சுற்றியது. அதுவும் வேறென்னவாக இருக்க முடியும்!

ஒரு படப்பிடிப்பு என்பது நாட்கணக்கில் நீளும் ஒரு பெரிய கலியாண வீடு. திருமலையில் ஏதாவது நிகழ்ச்சி நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மண்டபம், பந்தல், ஜெனரேட்டர் என்று பட்டியல் போட்டுவிடலாம். கடைசி நேரத்தில் ஐஸ் போதவில்லை என்றால் பட்டியல் உதவாது. மீன் வாடிக்காரர் ஒருவரைத் தெரிந்திருந்தால் விடியமுன் ஐஸ் வந்து இறங்கும். கடலடிப் படப்பிடிப்பில் இந்தக் கஷ்டம் பத்து மடங்கு. முதலில் பருவம். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளித்துக் கலங்கிப் போகும். சித்திரை பிறந்த பிறகுதான் தண்ணீர் தெளியும், புரட்டாசியோடு அந்தத் தவணை முடியும். மற்ற மாதங்களில் தென்மேற்குக் கரை தெளிவாக இருக்கும். எந்தக் கரை எப்போது தெளியும் என்று புத்தகத்தில் பார்த்தால் மாதம் கிடைக்கும். எந்த நாள் என்பதை அந்தக் கரையில் வள்ளம் தள்ளுகிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

பிறகு காற்று. சுழியோடி முதுகில் சுமக்கும் ‘அக்குவாலங்’ கருவி 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞானும் உருவாக்கியது. அறுபதுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டில் அது இன்னும் அபூர்வப் பொருள். பத்து மீட்டர் ஆழம் போனால் அழுத்தம் இரண்டு மடங்கு, ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு மடங்கு காற்று செலவாகும். இருபது மீட்டரில் மூன்று மடங்கு. தரையில் ஒரு காட்சியைப் பத்துத் தடவை திருப்பி எடுக்கலாம். அங்கே உருளையில் உள்ள காற்றுத்தான் இயக்குநருக்கும் இயக்குநர்!

நிறம் இன்னொரு திருடன். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. சில மீட்டர் இறங்கியதுமே சிவப்புச் சேலை பழுப்பாகும். இன்னும் ஆழத்தில் விரல் வெட்டுப்பட்டால் இரத்தம் பச்சையாகத் தெரியும். வண்ணப் படம் எடுக்கிறோம் என்று நாடெல்லாம் சொல்லிவிட்டு, நிறத்தைத் தின்னும் இடத்துக்குள் கமெராவைக் கொண்டுபோகிறார்கள்! வண்ணச் சுருளைக் கழுவும் கூடமும் அன்று இலங்கையில் இல்லை. எடுத்ததைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, சரியாக விழுந்ததா என்று அறியக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை நினைத்தாலே எனக்கு வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்கிறது.

நான் அதிகம் வியப்பது இதை: நீருக்கடியில் ‘கட்’ சொல்ல முடியாது. கத்த முடியாது, விளக்க முடியாது, ‘கொஞ்சம் இடது பக்கம்’ என்று திருத்தவும் முடியாது. மேலே வள்ளத்தில் பேசி வைத்ததும் கைச்சைகையும் மட்டும்தான் மிச்சம். அப்போது துணைக்கு வருவது, பக்கத்தில் நீந்துகிறவரோடு முன்பு எத்தனை தடவை இறங்கியிருக்கிறோம் என்பதே. அவர் எந்த நேரத்தில் திரும்புவார், பயந்தால் என்ன செய்வார், காற்று குறைந்தால் முன்பே சொல்வாரா, மறைப்பாரா என்பதெல்லாம் உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் சாதாரணமாக ‘தொழில்முறை உறவு’ என்று சொல்லும்போது விருந்தில் கைகுலுக்குவதும் விசிட்டிங் கார்ட் மாற்றுவதும்தான் நினைவுக்கு வருகின்றன. அதை நான் நம்புவதில்லை. ஒருவரின் வேலையைக் கிட்ட நின்று பார்த்தவர், அவர் நம்முடைய வேலையைப் பார்த்தவர்: அந்த இருவர் நடுவில் உள்ளதுதான் உறவு. அது தொழில் மாறினாலும் கூடவே வரும்.

நம் ஊரில் இதைச் சிபாரிசோடு குழப்பிக்கொள்கிறார்கள். ‘உள்ளே ஆள் வேணும்’ என்று சலித்துக்கொள்ளும் இளைஞர்களை நான் அறிவேன். அந்தச் சலிப்பு நியாயமானது. வேலையைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்துக் கதவு திறப்பது அநியாயம்தான். ஆனால் ஜொங்க்ளாஸ் கிளார்க்குக்குக் கதவு திறந்தது மாமன் மச்சான் என்பதற்காகவா? இருவருக்கும் பொதுவாக இருந்தது கடல் ஒன்றே. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பொஸ்டனுக்குப் பக்கத்து நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களை விசாரித்து 1973இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண்களே தருகிறது. தெரிந்தவர் ஒருவர் வழியாகப் புது வேலை கிடைத்தவர்களில், அடிக்கடி சந்திக்கும் ஆள் மூலம் பெற்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். எப்போதாவது சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 56. அரிதாகச் சந்திப்பவர் மூலம் 28. காரணம் எளிது. தினமும் பார்ப்பவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். புது உலகத்தின் செய்தி வேறு உலகத்தில் நிற்பவரிடம் இருக்கிறது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் மீன்பிடி வள்ளத்தைத் திமிங்கிலம் பார்க்கப் போகும் பயணிகளுக்காகத் திருப்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள்: முதல் பயணியை அனுப்பியது சக மீனவராக இருந்திருக்காது, எப்போதோ நண்டும் இறாலும் கொடுத்துப் பழகிய ஹொட்டேல்காரராக இருந்திருக்கும்.

படத்துக்குத் திரும்புகிறேன். வேலைகள் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் அந்த இடி விழுந்தது. 1962இல் கிளார்க் தலையில் அடிபட்டு, பிறகு உடம்பு முழுவதும் செயலிழந்து படுத்தார். போலியோ என்றார்கள். கடலைத் தன் இரண்டாவது வானமாக வைத்திருந்த மனிதரால் கையைத் தூக்க முடியவில்லை. அந்த நாட்களில் அவரைச் சூழ்ந்து நின்றது இந்தச் சுழியோடிக் கூட்டம். படம் வெளிவந்தது, மக்கள் திரண்டார்கள், வசூல் குவிந்தது. பணம் போட்டவர் எழுந்து உட்காரவும் அந்தப் பணம் உதவியது. ஹெக்டர் ஏகநாயக்க என்ற குத்துச்சண்டை வீரரும் இந்த வட்டத்துக்குள் வந்து சேர்ந்தார். வளையத்துக்குள் இருந்தவர் கடலுக்குள் இறங்கினார்! பிறகு பல வருடங்கள் கிளார்க்கோடு சேர்ந்து ‘அண்டர்வோட்டர் சஃபாரிஸ்’ என்ற சுழியோடல் நிறுவனத்தை நடத்தியவர் அவர்தான்.

இந்தப் படத்தில் உதவி இயக்குநராக இருந்த திஸ்ஸ லியனசூரியவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டே வருடத்தில், 1964இல், ‘கெட்டவரயோ’ படத்தை வில்சனும் அவரும் சேர்ந்து இயக்கினார்கள். நேற்றைய உதவியாளரின் பெயர் இன்று தன் பெயருக்குப் பக்கத்தில்! தொழிலுக்குள் வந்த மூத்தவர் அதற்கு ஒப்புக்கொள்வது எளிதில் நடப்பதில்லை. வில்சனின் செயல்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுவே. 1967இல் காமினியை வைத்தே ஜேம்ஸ் பாண்ட் பாணியில் ‘சோருங்கெத் சோரு’வும் எடுத்தார்.

பிறகு வில்சன் எல்லாரையும் திகைக்க வைத்தார். எழுபதுகளில் சினிமாவையும் கமெராவையும் சொத்தையும் உதறி, கதிர்காமக் கந்தனின் அடியாராகி, சுவாமி சிவகல்கி ஆனார். 1995இல் இறக்கும்வரை அந்தப் பெயரோடுதான் வாழ்ந்தார். கோணேசர் கோயில் வட்டாரத்தில், சுவாமி மலை அடியில் கடலுக்குள் கிடந்த சுயம்பு இலிங்கத்தைக் கண்டு மீட்டவர் இவரே என்று சொல்வார்கள். கோயில் 1963இல் கும்பாபிஷேகம் கண்டது. வெளிநாட்டிலிருந்து சுழியோட வந்தவர் இயக்குநராகி, இயக்குநர் துறவியாகி... இதை ஒரு கதையாக எழுதினால் யாராவது நம்புவார்களா?

பழக்கம் திறந்த கதவுகளில் அடுத்தது இன்னும் பெரியது. 1964இன் தொடக்கத்தில் நியூயோர்க்கில் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் மதியச் சாப்பாட்டில் இருக்கிறார். கூட இருப்பவர் ரொஜர் கராஸ், கொலம்பியா படக் கம்பனியின் விளம்பரப் பிரிவுக்காரர். வேற்றுக் கிரகவாசிகளைப் பற்றி ஒரு படம் எடுக்கப்போவதாகவும், அதற்காக எல்லா எழுத்தாளர்களையும் வாசித்துக்கொண்டிருப்பதாகவும் குப்ரிக் சொல்கிறார். எல்லாரையும் எதற்கு, கிளார்க்கைப் பிடியுங்கள் என்கிறார் கராஸ். அவர் எங்கோ இந்தியப் பக்கம் மரத்தில் வாழும் சாமியார் மாதிரி ஆள் அல்லவா என்பது குப்ரிக்கின் எண்ணம்! கராஸுக்கோ கிளார்க்கை நேரில் தெரியும். கடலும் அதில் வாழும் உயிர்களும் கராஸின் பைத்தியம்; அந்த வழியில் வந்த பழக்கம் அது, சினிமா வழியில் வந்ததல்ல. உடனே கொழும்புக்குத் தந்தி போகிறது. கிளார்க் துள்ளிக் குதித்து ஆவலைத் தெரிவிக்கிறார். ஏப்ரல் மாதம் இருவரும் நியூயோர்க்கில் சந்திக்கிறார்கள். 1968இல் ‘2001: ஒரு விண்வெளிப் பயணம்’ திரைக்கு வருகிறது!

கராஸ் அதோடு நின்றாரா? கொலம்பியாவை விட்டுக் குப்ரிக்கின் கம்பனியில் சேர்ந்தார். அங்கிருந்து தொலைக்காட்சிக்குப் போய் விலங்குகளைப் பற்றிய செய்தியாளரானார். 1991இல் அமெரிக்காவின் மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கே தலைவராகிவிட்டார்.